வேலை போன அந்த வாரமே: அமெரிக்காவில் அன்எம்ப்ளாய்மென்ட் பணம், விண்ணப்பத்திலிருந்து வரி வரை

வெள்ளிக்கிழமை காலை காலண்டரில் பதினைந்து நிமிட மீட்டிங் ஒன்று திடீரென்று முளைக்கிறது. உள்ளே போனால் மேனேஜரோடு எச்.ஆர். ஆள் ஒருவரும் இருக்கிறார். பதினோரு மணிக்கு லேப்டாப் லாக் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு காலையைத் தன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பார்க்காதவர்கள் இப்போது குறைவு. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. இரண்டு நாள் யாரிடமும் சொல்வதில்லை. ஊருக்குப் போன் போட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு பதில். ஒரு மாதம் கழித்து நண்பர் யாராவது கேட்பார்: "அன்எம்ப்ளாய்மென்ட் போட்டியா?" "அதெல்லாம் எதுக்கு, சீக்கிரம் வேறு வேலை கிடைச்சுடும்."

அந்த ஒரு மாதத்துப் பணம் பெரும்பாலும் போனது போனதுதான். கணக்கு வேலை போன நாளிலிருந்து ஓடுவதில்லை, விண்ணப்பம் போட்ட வாரத்திலிருந்துதான் ஓடுகிறது. கலிபோர்னியாவில் நீங்கள் புதன்கிழமை விண்ணப்பித்தால், அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்கள் கிளெய்ம் தொடங்கும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் முன்தேதியிட்டுக் கேட்கலாம். ஆனால் கூச்சமாக இருந்தது, சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இது இன்சூரன்ஸ். விஸ்கான்சின் மாநிலம் 1932-இல் இதற்கு முதல் சட்டம் போட்டது. பெருமந்தக் காலத்தில், ஃபிரான்சிஸ் பெர்க்கின்ஸ் தொழிலாளர் துறைச் செயலராக இருந்தபோது, 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. 1936 ஆகஸ்டில் விஸ்கான்சினில் கொடுத்த முதல் காசோலை 15 டாலர். அன்றிலிருந்து இன்றுவரை இதற்கான பிரீமியத்தை உங்கள் பெயரில் உங்கள் முதலாளி கட்டுகிறார். அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா என்ற மூன்று மாநிலங்களில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள். நியூ ஜெர்சியில் வேலை பார்த்தவர் தன் பழைய பே ஸ்டப்பை எடுத்துப் பார்த்தால் அந்த வரி கண்ணில் படும். கட்டிய இன்சூரன்ஸைக் கேட்பதற்கு யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கலிபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், 2005-லிருந்து அதே தொகை. வாஷிங்டன் மாநிலத்தில் உச்சவரம்பு 1,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஃப்ளோரிடாவில் 275 டாலர். வேலையின்மை விகிதம் குறைவாக இருக்கும்போது அதுவும் 12 வாரம்தான். மிசிசிப்பியில் 235. நியூ யார்க்கில் பல ஆண்டுகள் 504 டாலரில் நின்றிருந்த உச்சவரம்பு 2025 அக்டோபரில் 869-ஆக உயர்ந்தது. பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம்.

இந்த வித்தியாசத்தின் வேரைப் பிடித்தால் மற்றது எளிதாகப் புரியும். மத்திய அரசு, ஒவ்வொரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டும் 6 விழுக்காடு வரி போடுகிறது. மாநில வரியை ஒழுங்காகக் கட்டும் முதலாளிக்கு அதில் 5.4 விழுக்காடு தள்ளுபடி. மிச்சம் 0.6 விழுக்காடு, அதாவது ஆளுக்கு ஆண்டுக்கு 42 டாலர். இந்த 7,000 என்ற எல்லை 1983-லிருந்து மாறவில்லை. நிர்வாகச் செலவு இதிலிருந்து வருகிறது. வாராவாரம் உங்களுக்குக் கொடுக்கும் பணமோ மாநிலம் தனியாகப் போடும் வரியிலிருந்து வருகிறது. கலிபோர்னியா அந்த வரியையும் முதல் 7,000 டாலருக்கே போடுகிறது. வாஷிங்டன் 70,000 டாலருக்கும் மேல் வரை போடுகிறது. குறைவாக வசூலித்தால் குறைவாகத்தான் கொடுக்க முடியும். கலிபோர்னியா நிதி அதற்கும் போதாமல் மத்திய அரசிடம் சுமார் 2,000 கோடி டாலர் கடனில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் வாங்கிய பொறியாளரும் 47,000 டாலர் வாங்கிய உணவக ஊழியரும் அங்கே ஒரே 450 டாலரைப் பெறுவது இப்படித்தான். மூன்று மாதத்தில் 11,674 டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தால் உச்சவரம்பைத் தொட்டாயிற்று, அதற்கு மேல் படி இல்லை.

"மூன்று மாதம்" என்று சொன்னேன் இல்லையா, அது காலாண்டுக் கணக்கு. பெரும்பாலான மாநிலங்கள், முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகஸ்டில் விண்ணப்பித்தால், போன ஆண்டு ஏப்ரலிலிருந்து இந்த ஆண்டு மார்ச் வரை வாங்கிய சம்பளம்தான் கணக்கு. சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இது இடிக்கும். அவர்களுக்காகவே கடைசி நான்கு காலாண்டுகளைப் பார்க்கும் மாற்றுக் கணக்கு பல மாநிலங்களில் இருக்கிறது. முதல் பதில் மறுப்பாக வந்தால் அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ராஜினாமா கடிதம் என்ற கண்ணி

விண்ணப்பத்துக்கு முன்னாலேயே பலர் தங்கள் கிளெய்மைக் கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர் அலுவலகப் பழக்கத்தில், வேலையை விட்டு அனுப்பினார்கள் என்பதைவிட நானே விட்டேன் என்பது கௌரவம். "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்று எச்.ஆர். சொன்னதும், நன்றியோடு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். மாநில அலுவலகத்தின் கண்ணில் அந்த ஒரு தாள் எல்லாவற்றையும் மாற்றிவிடும். லே ஆஃப் என்றால் பணம் உண்டு. தானாக விட்டவர் என்றால், தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். கட்டாயத்தின் பேரில் எழுதிக் கொடுத்தேன் என்று பிறகு வாதாடலாம், சிலர் ஜெயிக்கவும் செய்கிறார்கள். ஆனால் போடாமல் இருந்திருக்கக்கூடிய கையெழுத்துக்கு அது பெரிய விலை.

வேலை சரியில்லை என்று நீக்கப்பட்டவர்கள் பலர், நமக்குக் கிடைக்காது என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் தவறு. மறுப்புக்குக் காரணமாவது ஒழுங்கீனம்: தெரிந்தே விதியை மீறியது, திரும்பத் திரும்பச் சொல்லாமல் வராமல் இருந்தது, திருட்டு போன்றவை. முயன்றும் இலக்கை எட்ட முடியவில்லை என்பது பொதுவாக ஒழுங்கீனம் ஆகாது. ஒழுங்கீனம்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. முதலாளிகள் ஏன் மெனக்கெட்டு எதிர்க்கிறார்கள் என்றால், அவர்களிடம் வேலை இழந்தவர்கள் எடுக்கும் பணம் கூடக்கூட அவர்களுடைய வரி விகிதமும் கூடும்.

பிரிவுப் பணம் எனப்படும் செவரன்ஸ் விஷயத்தில் மாநிலம் பார்த்து நடக்க வேண்டும். கலிபோர்னியாவில் செவரன்ஸ் பொதுவாகக் கிளெய்மைப் பாதிக்காது. டெக்சாஸில் அது ஓடும் காலம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். ஆனால் கம்பெனி மேல் வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்ததற்கு ஈடாக வந்த பணமாக இருந்தால் டெக்சாஸ் அதைச் செவரன்ஸாக எண்ணாது. எதுவானாலும் விண்ணப்பத்தில் தொகையை மறைக்காமல் எழுதுங்கள், முடிவு எடுப்பது அவர்கள் வேலை.

எங்கே விண்ணப்பிப்பது? வீடு இருக்கும் மாநிலத்தில் அல்ல, வேலை பார்த்த மாநிலத்தில். நியூ ஜெர்சியின் எடிசனில் வீடு, மன்ஹாட்டனில் ஆபீஸ் என்றால் நியூ யார்க்கில். வீட்டிலிருந்தே வேலை பார்த்தவருக்கு, அவர் உட்கார்ந்து வேலை பார்த்த மாநிலம். ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு மாநிலங்களில் சம்பளம் வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே கிளெய்மாகக் கேட்க வழி இருக்கிறது.

கடைசி முதலாளி யார் என்ற கேள்வியிலும் நம்மவர்கள் நிறைய பேர் இடறுகிறார்கள். இரண்டு ஆண்டு ஒரு பெரிய வங்கியின் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார். அந்த வங்கியின் பெயரையே எழுதிவிடுவார். அவருக்குச் சம்பளமும், ஆண்டுச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவமும் கொடுத்தது ஒரு கன்சல்டிங் கம்பெனி. வங்கியிடம் கேட்டால் இப்படி ஓர் ஆளே எங்களிடம் இல்லை என்று பதில் வரும், கிளெய்ம் தேங்கிவிடும். டபிள்யூ-2-இல் இருக்கும் பெயரையும் முகவரியையும் அப்படியே எடுத்து எழுதுங்கள். டபிள்யூ-2 இல்லாமல் 1099-இல் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவருக்கு வழக்கமான இன்சூரன்ஸ் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா காலச் சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் திட்டம் 2021 செப்டம்பரில் முடிந்துவிட்டது.

அப்பா பெயர் எங்கே போகும்?

தமிழர்களுக்கென்றே தனியாக ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. நம் பெயருக்கு முன்னால் இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருவர் அப்பா பெயரை சர்நேம் இடத்தில் போட்டிருப்பார். இன்னொருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார், விசாவில் அவருடைய முதல் பெயர் "எஃப்.என்.யு." என்று வந்திருக்கும், அதாவது முதல் பெயர் தெரியாதவர். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி, கம்பெனி பேரோலில் இன்னொரு மாதிரி. வேலை பார்த்த காலம் முழுக்க இது ஒரு தொல்லையாக மட்டுமே இருந்திருக்கும். கிளெய்ம் போடும் அன்றைக்கு இதுவே பெரிய சுவராகிவிடும். கம்ப்யூட்டர் இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடையாளத்தை உறுதி செய்ய முடியவில்லை என்று நிறுத்திவிடும். கலிபோர்னியாவில் ஐடி.மீ என்ற தனியார் சேவை வழியாக முகத்தைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். அதுவும் பொருந்தாவிட்டால் வீடியோவில் ஓர் ஆளிடம் ஆவணங்களைக் காட்ட வேண்டும்.

இதற்கு வழி ஒன்றுதான். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் என்ன எழுத்து, என்ன வரிசை இருக்கிறதோ அதையே விண்ணப்பத்தில் எழுதுங்கள். வேறு பெயரில் வேலை பார்த்தீர்களா என்ற கேள்வி வரும்போது பேரோல் பெயரை அங்கே கொடுங்கள். அடையாள ஆவணம் கேட்டு வரும் கடிதத்தில் கெடுதேதி இருக்கும், அதைத் தாண்டவிடாதீர்கள். வேலையில் இருக்கும்போதே இந்தப் பெயர்களை ஒன்றாக்கி வைப்பது இதைவிட நல்லது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வருவதுதான் செலவு.

அடுத்தது விசா. அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி இருக்க வேண்டும், வேலை கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களும் கேட்கின்றன. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவருக்குச் சிக்கல் இல்லை. எச்-4 இஏடி (எச்-1பி துணைவருக்கான வேலை அனுமதி அட்டை), கிரீன் கார்டு மனு நிலுவையில் இருப்பதால் கிடைத்த இஏடி, எல்-2 துணைவர் நிலை ஆகியவற்றில் யாரிடமும் வேலைக்குச் சேரலாம் என்பதால் அவர்களும் கேட்கலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் நிலைதான் நெஞ்சைப் பிசைகிறது. அவருக்காகவும் அதே வரி கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அவருடைய அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போன பிறகு இன்னொரு முதலாளி மனு போடும் வரை அவர் எங்கும் சேர முடியாது, எனவே "உடனே சேரத் தயார்" என்ற நிபந்தனையில் பெரும்பாலும் விழுந்துவிடுகிறார். 2017-லிருந்து அவருக்கு இருப்பது 60 நாள் அவகாசம், அந்தக் கெடிகாரம்தான் அவருடைய முதல் கவலை. மாநிலங்கள் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதால், தன் மாநில விதியைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. விசா நிலை பற்றிய கேள்விக்குத் தவறான பதில் மட்டும் எழுதிவிடக் கூடாது. இந்தப் பணத்தை வாங்கினால் கிரீன் கார்டுக்குக் கெடுதல் வருமோ என்ற பயம் பரவலாக இருக்கிறது. உழைத்து ஈட்டிய இன்சூரன்ஸ் என்பதால், அரசுக்குப் பாரமாவாரா என்று பார்க்கும் 2022-ஆம் ஆண்டு விதியில் இது சேர்க்கப்படவில்லை.

விண்ணப்பித்த சில நாளில் ஒரு கடிதம் வரும். வாரத்துக்கு 450 டாலர் என்று அதில் அச்சிட்டிருக்கும். பணம் உறுதியாகிவிட்டது என்று மகிழ்ந்துபோக வேண்டாம். அது உங்கள் சம்பளக் கணக்கை வைத்துப் போட்ட தொகை மட்டும். உங்களுக்குத் தகுதி உண்டா என்ற முடிவு தனியாக வரும். கலிபோர்னியாவில் தகுதியுள்ள முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது, அது காத்திருப்பு வாரம். ஆனால் அந்த வாரத்துக்கும் படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அந்தக் காத்திருப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

படிவத்தின் கேள்விகள்

கிளெய்மின் உயிர் இருப்பது இங்கேதான். கலிபோர்னியாவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேறு பல மாநிலங்களில் வாரந்தோறும், "சர்ட்டிஃபை" செய்ய வேண்டும், அதாவது அந்த வாரத்துக்கான படிவத்தை நிரப்பி உறுதி சொல்ல வேண்டும். கேள்விகள் சின்னவை. உடல்நலமில்லாமல் இருந்தீர்களா? வேறு ஏதாவது காரணத்தால் முழுநேர வேலையை ஏற்க முடியாத நாள் உண்டா? வேலை தேடினீர்களா? வந்த வேலையை மறுத்தீர்களா? பள்ளியிலோ பயிற்சியிலோ சேர்ந்தீர்களா? வேலை செய்தீர்களா, பணம் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும்? போனில் ஒரு நிமிடத்தில் தட்டிவிடலாம். ஒவ்வொரு பதிலும் பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று ஒப்புக்கொண்டு கொடுப்பது என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். வேலை போயிற்று, எப்படியும் சும்மாதானே இருக்கிறோம், ஊரில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சென்னைக்கு டிக்கெட் போடுவது நம்மவர்களுக்கு இயல்பு. போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மயிலாப்பூரில் இருந்த மூன்று வாரத்தில் சாண்டா கிளாராவில் நாளைக்கே வேலைக்குச் சேரும் நிலையில் நீங்கள் இல்லை. அந்த வாரங்களுக்குப் பணம் இல்லை என்று வைத்துக்கொண்டு, போன உண்மையை எழுதுங்கள். விமானம் ஏறிய நாளும் இறங்கிய நாளும் பாஸ்போர்ட்டில் இருக்கின்றன. எந்த நாட்டிலிருந்து லாகின் செய்தீர்கள் என்பது அவர்களிடம் இருக்கிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வாரத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். பாட்டி வந்துவிட்டார், நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்றால் சிக்கலில்லை.

வேலை தேடிய கணக்கை எழுதி வையுங்கள். நியூ யார்க்கும் வாஷிங்டனும் வாரத்துக்கு மூன்று முயற்சிகளைக் கேட்கின்றன. தேதி, கம்பெனி, பதவி, எந்த வழியில் விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் என்று ஐந்து பத்தி போட்ட ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். எட்டு மாதம் கழித்து ஏப்ரல் இரண்டாம் வாரம் என்ன செய்தீர்கள் என்று கடிதம் வந்தால், மனசிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

மாட்டிக்கொள்பவர்களில் பலர் திருடர்கள் அல்ல, தேதியைக் குழப்பியவர்கள். புதன்கிழமை புது வேலையில் சேர்கிறார். முதல் சம்பளம் இரண்டரை வாரம் கழித்துத்தான் வரும். கைக்கு இன்னும் பணம் வரவில்லையே என்று அந்த இரண்டு வாரத்துக்கும் "வேலை செய்யவில்லை" என்று தட்டிவிடுகிறார். சட்டம் பார்ப்பது பணம் வந்த நாளை அல்ல, வேலை செய்த நாளை. அதுவும் பிடித்தம் போகாத மொத்தச் சம்பளத்தை. புது ஆளைச் சேர்த்த விவரத்தை முதலாளி 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலும் கிளெய்ம் பட்டியலும் ஒப்பிடப்படும்போது பெயர் மேலே வந்துவிடும். பிறகு வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஏமாற்று என்று முடிவானால் குறைந்தது 15 விழுக்காடு அபராதம், கலிபோர்னியாவில் 30. கட்டாவிட்டால் வருமான வரி ரீஃபண்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். தெரியாமல் வந்த கூடுதல் தொகை என்றால் தள்ளுபடி கேட்க வழி உண்டு, அந்தப் படிவத்தைக் கெடுதேதிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

பகுதிநேர வேலையை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. கலிபோர்னியாவில் ஒரு வாரத்தில் 200 டாலர் சம்பாதித்தால் அதில் கால் பங்கு, 50 டாலர், கணக்கில் சேராது. மிச்சம் 150 போக 300 டாலர் வரும். கழிந்த தொகை உங்கள் கிளெய்மில் மிச்சமாக நிற்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மறுத்துவிட்டால்? மேல்முறையீடு செய்யுங்கள். கலிபோர்னியாவில் 30 நாள் அவகாசம், டெக்சாஸில் 14 நாள்தான். பெரும்பாலும் போனிலேயே விசாரணை. ஒரு நிர்வாகச் சட்ட நீதிபதி கேட்பார், நீங்களே பேசலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். முடிவு வரும் வரை படிவம் நிரப்புவதை மட்டும் நிறுத்தவே கூடாது. ஜெயித்தாலும், சர்ட்டிஃபை செய்யாத வாரத்துக்குக் காசு வராது. உங்களுக்குத் தகுதி உண்டு என்று முதலில் முடிவான பிறகு முதலாளி மேல்முறையீடு செய்தால், அதைக் காட்டிப் பணத்தை நிறுத்திவைக்க முடியாது என்று 1971-இல் ஜாவா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தேவையான நேரத்தில் வந்து சேராத இன்சூரன்ஸால் என்ன பயன் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

மேல்முறையீட்டை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மிச்சிகன் மாநிலம் 2013-இல் மைடாஸ் என்ற கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்தது. ஆள் யாரும் பார்க்காமலேயே அது ஏமாற்றுக்காரர்களைக் கண்டுபிடிக்கும் என்றார்கள். 2015 வரை சுமார் 40,000 பேரை அது மோசடிக்காரர்கள் என்று குற்றம் சாட்டியது. வாங்கியதைப் போல நான்கு மடங்கு அபராதம், சம்பளத்திலும் வரி ரீஃபண்டிலும் பிடித்தம். பிறகு மாநிலமே உட்கார்ந்து மறுபரிசீலனை செய்தபோது, கம்ப்யூட்டர் தானாக எடுத்த முடிவுகளில் 93 விழுக்காடு தவறு என்று தெரிந்தது. அதற்குள் திவாலானவர்கள் உண்டு, வீட்டை இழந்தவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கு 2 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. கடிதத்தில் மோசடி என்று அச்சிட்டு வந்துவிட்டால் நம்மேல்தான் தப்பு என்று நினைத்து ஒடுங்கிப்போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது பில்

இந்தப் பணத்துக்கு வரி உண்டா? உண்டு. 1979-இல் பகுதியாகத் தொடங்கி, 1987-லிருந்து முழுத் தொகைக்கும் மத்திய வருமான வரி உண்டு. 2020-ஆம் ஆண்டு வருமானத்துக்கு மட்டும், 1,50,000 டாலருக்குள் இருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு 10,200 டாலர் வரை விலக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு விலக்கு இன்னும் இருக்கிறது என்று நம்புகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். இல்லை. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தங்கள் மட்டும் கிடையாது. மாநில வரி இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா வரி போடுவதில்லை. டெக்சாஸ், வாஷிங்டன், ஃப்ளோரிடாவில் சம்பளத்துக்கே மாநில வரி இல்லை. நியூ யார்க் போடுகிறது.

நீங்கள் கேட்டுக்கொண்டால் மாநிலம் 10 விழுக்காட்டை மத்திய வரிக்காகப் பிடித்துக்கொள்ளும். விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருக்கும், இல்லாவிட்டால் டபிள்யூ-4வி படிவம். 10-க்கு மேலும் பிடிக்கச் சொல்ல முடியாது, கீழும் முடியாது. கையில் காசு இல்லாத நேரத்தில் "வேண்டாம்" என்று போட்டுவிடுவார்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் ஏப்ரலில் அது வந்து நிற்கும்.

அடுத்த ஜனவரி 31-க்குள், உங்களுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கான 1099-ஜி படிவம் தயாராகிவிடும். பல மாநிலங்கள் அதைத் தபாலில் அனுப்பாமல் இணையக் கணக்கில் வைத்துவிடுகின்றன. கடிதம் வரவில்லை என்பதற்காக வருமானம் இல்லை என்றாகிவிடாது. முதல் கட்டத்தில் மொத்தத் தொகை, நான்காம் கட்டத்தில் பிடித்த வரி. வருமான வரி தாக்கலுக்கான 1040 படிவத்தின் முதல் அட்டவணையில் இது போகும். சம்பளமாக இது கருதப்படாது என்பதால், உழைப்பு வருமானத்தை வைத்துக் கொடுக்கும் வரிச் சலுகைக்கும், ஐஆர்ஏ ஓய்வுக்கணக்கில் போடுவதற்கும் இதைக் காட்ட முடியாது. ஒபாமா கேர் மருத்துவக் காப்பீட்டு மானியத்துக்கான வருமானக் கணக்கில் மட்டும் சேரும். வேலை போன பிறகு 60 நாளுக்குள் அந்த மானியம் கிடைக்கும் மார்க்கெட்பிளேஸில் மருத்துவக் காப்பீடு எடுக்கிறவர்கள், ஆண்டு வருமானத்தை மதிப்பிடும்போது இந்த வாரப் பணத்தையும் கூட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்ட நேரும்.

கிளெய்மே போடாதவருக்கு 1099-ஜி வந்தால், அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் வேறு யாரோ பணம் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கொரோனா காலத்தில் இது ஏராளமாக நடந்தது. உடனே மாநிலத்திடம் புகார் கொடுத்துத் திருத்திய படிவம் கேளுங்கள். அது வரும் வரை காத்திருக்காமல் உங்கள் உண்மையான வருமானத்தை மட்டும் காட்டி வரி தாக்கல் செய்யலாம். கூடுதலாக வந்த பணத்தை அதே ஆண்டில் திருப்பிக் கட்டியிருந்தால் மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டில் கட்டினால், தொகை 3,000 டாலரைத் தாண்டியிருந்தால்தான் முன்பு கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வழி.

இப்போது ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் கணவன், மனைவி இருவரும் வேலையில். மனைவிக்கு மார்ச் கடைசியில் லே ஆஃப். அந்த வாரமே விண்ணப்பிக்கிறார். காத்திருப்பு வாரம் போக 20 வாரம் பணம் வருகிறது: 9,000 டாலர். கணவரின் சம்பளம் இருப்பதால் இருவரும் சேர்ந்து 22 விழுக்காடு வரி வரம்பில் இருக்கிறார்கள். இந்தத் தொகைக்கு வரி 1,980 டாலர். 10 விழுக்காடு பிடிக்கச் சொல்லியிருந்ததால் 900 போயிருக்கிறது. மிச்சம் 1,080. செப்டம்பர் தொடக்கத்தில் அவருக்குப் புது வேலை கிடைக்கிறது. சேரும் நாளில் டபிள்யூ-4 படிவம் நீட்டுகிறார்கள். அதில் நான்காம் பகுதியில், ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும், அனேகமாக எல்லோரும் காலியாக விடும் கட்டம். டிசம்பர் முடிய எட்டுச் சம்பளம் பாக்கி. 1,080-ஐ எட்டால் வகுத்தால் 135. அந்தக் கட்டத்தில் 135 என்று எழுதிவிட்டு, ஜனவரியில் மறக்காமல் எடுத்துவிடச் சொன்னால், இந்த இருபது வாரத்துக்கான வரி முழுவதும் அந்த ஆண்டுக்குள்ளேயே கட்டி முடிந்திருக்கும்.